நைலானுக்கு நிறம் ஏறுமா?

1959-ல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் ஒரு சிறிய வேட்டைத் துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுவந்தது. முயலும் அணிலும் சுடுவதற்கான .22 ரைஃபிள். குழல் எஃகு. ஆனால் தோளில் அண்டக் கொடுக்கும் பின்கட்டையும் கை ஏந்தும் முன்கட்டையும் மரமில்லை, நைலான். வால்நட் மரத்தைக் கடைந்து எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய கட்டைகளிலேயே வளர்ந்த வேட்டைக்காரர்களில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டுகளில் அது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

ரெமிங்டன் அப்போது டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் கைக்குள் இருந்தது. டூபான்டின் ஆய்வகத்தில்தான் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935 பிப்ரவரியில் நைலானை உருவாக்கியது. 1940-ல் அது பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்து கூட்டத்தை அலைமோத வைத்தது. அந்தக் காலுறை நூலின் உறவுக்காரப் பொருளைத்தான் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அச்சில் வார்த்துத் துப்பாக்கியாக்கினார்கள். பெயரையும் ஒளிக்கவில்லை: ‘நைலான் 66’. நைலானைச் செய்யும் இரண்டு மூலப்பொருள்களிலும் தலா ஆறு கார்பன் அணுக்கள் இருப்பதால் வந்த எண் அது. பழுப்பு, கறுப்பு, பச்சை என்று நிறங்கள் இருந்தன. நிறம் மேலே பூசியதல்ல. உருகிய நைலானிலேயே கலந்தது. ஆணியால் ஆழக் கீறினாலும் உள்ளே அதே நிறம்தான்.

பெயின்ட் என்ற தலைவலி பின்னால் வந்தது. ஆஸ்திரிய ராணுவம் 1977-ல் ஏற்ற ஸ்டெயர் ஆக் முதல் பாலிமர் உடம்புள்ள ராணுவத் துப்பாக்கிகள் பெருகின. இன்று அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடி இழை கலந்த நைலான், அதிகமும் கறுப்பு. கறுப்பு என்பது வெறும் தோரணை இல்லை. அந்த நிறத்தைத் தரும் கரித்தூள் புற ஊதாக் கதிரை விழுங்கி, வெயில் பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்காமல் காக்கிறது. அதைவிட மலிவான காவல் கிடைப்பது கடினம்.

சிக்கல் என்னவென்றால், காட்டில் கறுப்பு நேர்கோடு கிடையாது. நிழல் உண்டு, ஈரப் பட்டை உண்டு, அழுகிய இலை உண்டு. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆடாமல் நிற்கும் கறுங்கோடு இல்லை. விலங்குகளின் நிறத்தைப் பற்றி 1909-ல் ஓவியர் ஆபட் தேயரின் கருத்துகளும், 1940-ல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹ்யூ காட்டின் பெரிய நூலும் வலியுறுத்திய ஒன்று உண்டு. மறைவதற்குப் பின்புலத்தின் நிறம் மட்டும் போதாது. உருவத்தின் விளிம்பை உடைக்க வேண்டும். ஆகவே வேட்டைக்காரரும் சிப்பாயும் ஸ்பிரே டப்பாவை எடுக்கிறார்கள். மண் நிறத்தில் ஒரு பூச்சு, அதன்மேல் வலைத்துணியையோ புல்லையோ விரித்து இன்னொரு நிறம். ஒரு பிற்பகல் வேலை. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சில வாரங்களில் கன்னம் படும் இடத்திலும் கைப்பிடியிலும் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கறுப்பு எட்டிப் பார்க்கும்.

குற்றம் நைலான்மீது என்றுதான் முதலில் தோன்றும். பிளாஸ்டிக்கில் எதுவும் ஒட்டாது என்பது பொது நம்பிக்கை. பாதிதான் உண்மை.

ஒரு திரவம் ஒரு பரப்பில் பரவுமா, தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு நிற்குமா என்பது ஓர் இழுபறி. திரவத்தின் மூலக்கூறுகள் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. பரப்பின் மூலக்கூறுகள் அவற்றைத் தம் பக்கம் இழுக்கின்றன. துளியின் ஓரம் பரப்போடு ஆக்கும் கோணத்தைப் பார்த்தே வென்றவர் யார் என்று சொல்லிவிடலாம் என்பதை 1805-ல் தாமஸ் யங் விளக்கினார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ஜிஸ்மன் ஒவ்வொரு பிளாஸ்டிக்காக எடுத்து, எவ்வளவு இழுவிசை உள்ள திரவம் வரை அதில் முழுதாகப் பரவும் என்று அளந்தார். மீட்டருக்கு மில்லிநியூட்டன் என்ற அலகில் டெஃப்லானுக்குச் சுமார் 18. பக்கெட்டும் கார் பம்பரும் செய்யும் பாலிபுரோப்பிலீனுக்கு 30 சுற்றி. நைலான் 66 என்ற பிளாஸ்டிக்குக்கு நாற்பதைத் தாண்டும். தண்ணீரின் இழுவிசை 72; அதனால் இந்த மூன்றிலுமே தண்ணீர் தானாகப் பரவிவிடுவதில்லை. தின்னர் கலந்த பெயின்டின் இழுவிசையோ 25 முதல் 30-க்குள்தான். கணக்குப்படி அது டெஃப்லானில் தோற்கும், பாலிபுரோப்பிலீனில் தடுமாறும், நைலானில் தாராளமாகப் பரவும். நைலான் சங்கிலியில் உள்ள அமைடு தொகுதிகள் பூச்சின் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பும் போட்டுக்கொள்ளும். பிளாஸ்டிக் குடும்பத்தில் நைலான் பெயின்டுக்கு நல்ல பிள்ளைதான்.

பிறகு ஏன் உரிகிறது? நாம் பெயின்ட் அடித்தது நைலான்மீது அல்ல என்பதால்.

அச்சிலிருந்து பொருள் சுலபமாகக் கழன்று வர உள்ளே தெளிக்கும் மசகு, பெரும்பாலும் சிலிக்கோன். அதன்மேல் துப்பாக்கி எண்ணெய். அதன்மேல் கை வியர்வையின் உப்பும் தோல் கொழுப்பும். இவையெல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். பெயின்ட் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்கிறது. படலமோ நைலானைப் பிடித்துக்கொள்ளவில்லை. மூலக்கூறுகளுக்கிடையிலான கவர்ச்சி ஒன்றிரண்டு நானோமீட்டருக்குள் மட்டுமே வேலை செய்யும். அந்தத் தூரத்துக்குள் எண்ணெய் வந்து உட்கார்ந்துவிட்டால் கீழே நைலான் இருப்பதே பெயின்டுக்குத் தெரியாது.

சிலிக்கோன் இன்னொரு வேடிக்கையும் காட்டும். ஊசிமுனை அளவு சிலிக்கோன் இருந்தாலும் அங்கே ஈரப் பெயின்டின் பரப்பு இழுவிசை சட்டென்று குறைகிறது. சுற்றியுள்ள பெயின்ட் அதைவிட வலுவாக இழுப்பதால் அந்தப் புள்ளியிலிருந்து திரவம் வெளிப்பக்கம் ஓடுகிறது. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், அதன் மையத்தில் வெறும் பிளாஸ்டிக். கார் பெயின்டர்கள் இதை மீன்கண் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியரான கார்லோ மாரங்கோனி ஆராய்ந்த ஓட்டம் இது. மீன்கண் விழுந்த இடத்தில் மேலும் மேலும் பெயின்ட் அடிப்பது வீண். அது விலகிக்கொண்டேதான் இருக்கும்.

எனவே துடைப்பதுதான் பாதி வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி ஒன்று, அது காய்வதற்குள் ஒற்றியெடுக்கக் காய்ந்த துணி ஒன்று. ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் கரைந்து இடம் மாறுமே தவிர வெளியேறாது. அதன் பிறகுதான் உப்புத்தாள். இந்த வரிசை மாறக் கூடாது. 1936-ல் ராபர்ட் வென்செல் காட்டியபடி, சொரசொரப்பு பரப்பின் குணத்தை மிகைப்படுத்தும். நனையும் பரப்பு தேய்த்தபின் இன்னும் நன்றாக நனையும். நனைய மறுக்கும் பரப்பு இன்னும் பிடிவாதமாகும். எண்ணெயோடு தேய்த்தால் கீறல்களுக்குள் எண்ணெயைத் திணித்துப் பூட்டியதாகிவிடும்.

தேய்ப்பதை வெறும் பல் பிடிப்பு என்று நினைக்கிறோம். அது மட்டுமில்லை. பரப்பளவு கூடுகிறது, அச்சின் சுவரோடு சேர்ந்து உறைந்த பலவீனமான மேல்தோல் அகல்கிறது. உரியத் தொடங்கும் விரிசலும் வழுவழுப்பான பாதையில் ஓடுவதுபோல் மேடு பள்ளத்தில் ஓட முடிவதில்லை. ஆனால் கண்ணாடி இழை கலந்த நைலானில் இதற்கும் எல்லை உண்டு. வார்க்கும்போது பரப்பின் ஓரத்தில் நைலான் செறிவாகவும் இழைகள் சற்று உள்ளேயும் அமைகின்றன. அழுத்தித் தேய்த்தால் இழைகள் தலைகாட்டி, பூச்சுக்கு மேல் முடி முளைத்ததுபோல் தெரியும். அந்தத் தூசி தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. ஈரத்தோடு, பளபளப்பு போகும் அளவு மட்டும் தேய்த்தால் போதும்.

சில பிளாஸ்டிக்குகளில் இவ்வளவு பாடு வேண்டாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல்தோலைப் பெயின்டில் உள்ள கரைப்பான் லேசாக இளக்கிவிடும். பெயின்டும் பிளாஸ்டிக்கும் எல்லை தெரியாமல் பின்னிக்கொள்ளும். நைலான் அப்படி இளகாது. அசிட்டோனையே பொருட்படுத்தாது, அதைக் கரைக்க ஃபார்மிக் அமிலம் போன்ற முரட்டுப் பொருள் வேண்டும். இங்கே துப்பாக்கியைவிட நம் ஊருக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏபிஎஸ்ஸிலும் பாலிகார்பனேட்டிலும் செய்த ஹெல்மெட்டுக்கு ஆசையாக ஸ்பிரே அடிக்கிறவர்கள் உண்டு. நன்றாக ஒட்டும், ஏனென்றால் கரைப்பான் ஹெல்மெட்டின் மேலோட்டைக் கடிக்கிறது. அந்தக் கடியே உள்ளிருக்கும் இறுக்கத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களை உண்டாக்கும். விழும் நாளில்தான் அது தெரியவரும். ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்.

அடுத்தது கனம். ‘நீடிக்க வேண்டும், தடிமனாக அடி’ என்பது மனித இயல்பு. இயற்பியல் இதற்கு நேர் எதிர். கரைப்பான் ஆவியாகும்போதும் பிசின் இறுகும்போதும் பூச்சு சுருங்கப் பார்க்கிறது. கீழே உள்ள பரப்பு விடுவதில்லை. சுருங்க முடியாத அந்தத் தவிப்பு பூச்சுக்குள் இழுவிசையாகத் தேங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் தேங்கும் ஆற்றல் பூச்சின் தடிமனுக்கு நேர் விகிதம்: தடிமன் இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்கு. ஒட்டுதலின் பலமோ தடிமனோடு கூடுவதில்லை. ஏதோ ஒரு தடிமனில் தேங்கிய ஆற்றல் ஒட்டுதலை மிஞ்சும். யாரும் தொடாமலே பூச்சு தன்னைத்தானே உரித்துக்கொள்ளும். தலைமுடியின் குறுக்களவில் கால் பங்கு, சுமார் 25 மைக்ரான், நல்ல பூச்சுக்குப் போதும். அதையும் இரண்டு மூன்று மெல்லிய தூறல்களாக அடிக்க வேண்டும்.

தூறல்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பல எனாமல் ஸ்பிரே டப்பாக்களில் ‘ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட் அடியுங்கள், இல்லையேல் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து’ என்று விசித்திரமாக எழுதியிருக்கும். படித்தால் அச்சுப் பிழையோ என்று தோன்றும். எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் போகிறது. பிறகு பிசின் காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெதுவாக வலையாகப் பின்னுகிறது. வலை பின்னத் தொடங்குமுன் அடுத்த கோட் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். முழுக்கப் பின்னியபின் வந்தால் வலை தாங்கும். பாதி பின்னிய நிலையில் வந்தால் புதிய கரைப்பானை உறிஞ்சி மேல்தோல் உப்பும். உப்ப இடமில்லாமல் கிழவன் தோலாகச் சுருங்கும். தொட்டால் கையில் ஒட்டாத நிலைக்கும் உண்மையில் இறுகிய நிலைக்கும் நடுவே வாரக்கணக்கு இடைவெளி இருக்கலாம். அடித்த பெயின்ட் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேர் மறுநாளே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள் என்பது என் சந்தேகம்.

நீடிக்க வேண்டுமென்றால் டப்பா பெயின்டை விட்டுவிட்டு, தானாகவே வலை பின்னும் இரண்டு பாகப் பூச்சுக்குப் போக வேண்டும். பாலியூரித்தேன் அப்படிப்பட்டது. அதன் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவை வரவழைக்கும். சாதாரணத் துணி முகமூடி கட்டிக்கொண்டு வீட்டு வராந்தாவில் செய்கிற வேலை இல்லை. துப்பாக்கி உலகில் பெயர் பெற்ற இன்னொன்று செராகோட், பீங்கான் துகள் கலந்த பாலிமர் பூச்சு. எஃகு, அலுமினியப் பாகங்களை அதனால் பூசி அடுப்பில் சுமார் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுடுவார்கள். நைலான் உருகுவது 260 பாகைக்கு அருகில்தான். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே அது இளகி, வார்த்தபோது அகப்பட்ட இறுக்கங்கள் தளர்ந்து கோணிக்கொள்ளலாம். அதனால் பிளாஸ்டிக்குக்கு வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறார்கள். இன்னொரு தொந்தரவு ஈரம். நைலான் 66 தண்ணீரில் ஊறிக் கிடந்தால் தன் எடையில் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீரைக் குடிக்கும். கண்ணாடி இழை கலந்தது சற்றுக் குறைவாக. மழைக்காலத்துக் கட்டையை அப்படியே பூசி அடுப்பில் வைத்தால் உள்ளிருந்து கிளம்பும் ஆவி பூச்சைக் கொப்புளமாக்கும். முதலில் வெறும் கட்டையை இளஞ்சூட்டில் உலர்த்துவது அதனால்தான்.

ஈரம் குடித்தால் நைலான் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். வெயிலில் நீளும், குளிரில் குறுகும். வெப்பத்தால் நீளுவதில் இழை கலக்காத நைலான் எஃகைவிட ஆறேழு மடங்கு. பூச்சும் கூடவே நீண்டு குறுக வேண்டும். கண்ணாடிபோல் கடினமான பூச்சு கீறலைத் தாங்கும், ஆனால் வளைவைத் தாங்காது. குழலின் கதை வேறு. வரிசையாகச் சுட்டால் குழல் கொதிக்கும். டப்பா பெயின்டின் பிசின் அங்கே கருகிப் புகையும். கட்டைக்கு ஏற்றது குழலுக்கு ஏற்காது என்பதை வாசனையே சொல்லிவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாயிற்றா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பூச்சின்மேல் கத்தியால் ஆறு இணைகோடுகள், குறுக்கே இன்னும் ஆறு. இருபத்தைந்து குட்டிச் சதுரங்கள். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்து, எத்தனை சதுரம் போயிற்று என்று எண்ண வேண்டும். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓவில் ஒன்றும் உரியாவிட்டால் 0. அமெரிக்கத் தரத்தில் அதே பூச்சுக்கு 5. ஒரு தரத்தின் முட்டை இன்னொரு தரத்தின் முழு மதிப்பெண். சோதனை அறிக்கையை வாசிக்கிறவர் யாருடைய கணக்கு என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சோதனையில் தேறிய பூச்சையும் கெடுக்க மனிதத் தோல் ஒன்று போதும். தோல் கொழுப்பில் உள்ள அமிலங்கள் அக்ரிலிக் பூச்சை மெல்ல இளக்கும். அதைவிட மோசம் கொசு விரட்டி. டீட் என்ற வேதிப்பொருள் 1940-களில் உருவானதே அமெரிக்க ராணுவத்துக்காகத்தான், காட்டில் கிடக்கும் சிப்பாய்களைக் காக்க. கொசுவை விரட்டுவதோடு அது அருமையான கரைப்பானும்கூட. டீட் தடவிய கையால் துப்பாக்கியைப் பிடித்தால் பெயின்ட் பிசுபிசுத்து விரல் ரேகை பதியும். நைலானுக்கோ ஒன்றும் ஆகாது.

மங்கலான பூச்சும் ஒரு சமரசம்தான். பளபளக்கும் துப்பாக்கியை யாரும் மறைக்க முடியாது. எனவே பூச்சில் சிலிக்கா பொடி கலந்து ஒளியைச் சிதறடிக்கிறார்கள். துருத்தி நிற்கும் அந்தத் துகள்கள்தான் அழுக்கையும் பிடிக்கின்றன. கன்னமும் கையும் தேய்த்துத் தேய்த்து அவற்றை மழுக்கிவிட, மங்கலாக இருந்த இடமே மெருகேறி மின்னத் தொடங்கும். கண்ணுக்கு மங்கினால் போதும் என்றும் இல்லை. பச்சை இலை சிவப்புக்கு அப்பால், சுமார் 700 நானோமீட்டரைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளியில் பாதியளவைத் திருப்பி அனுப்புகிறது. இரவுப் பார்வைக் கருவிக்குத் தோப்பு வெளுப்பாகத் தெரியும். பச்சை நிறமிகளில் சில அந்த ஒளியை ஊடுருவ விட்டுவிடும். நம் கண்ணுக்குப் பச்சையாக இருக்கும் துப்பாக்கி அங்கே கீழுள்ள கரித்தூளின் கறுப்பையே காட்டிக்கொடுக்கும். ராணுவப் பச்சைகளில் குரோமியம் ஆக்சைடு போன்ற நிறமிகளைத் தேடிச் சேர்ப்பது இதற்காகத்தான்.

பூச்சே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். நைலான் அடிப்படையில் துணிக்கான பொருள். அதன் சங்கிலிகளின் முனையில் உள்ள அமீன் தொகுதிகள், பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்தின் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். வெளிர் மண் நிறத்தில் விற்கும் நைலான் கட்டைகளையும் தோட்டா நிரப்பும் மேகசின்களையும் வாங்கி, சூடான சாயநீரில் ஊறப்போடுகிறார்கள் அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள். வெப்பமும் தண்ணீரும் சேர்ந்து நைலானின் சங்கிலிகளைத் தளர்த்த, சாயம் உள்ளே நுழைகிறது, ஆறியதும் அகப்பட்டுக்கொள்கிறது. பூச்சைக் கெடுத்த அதே ஈரம் குடிக்கும் குணம் இங்கே உதவிக்கு வருகிறது. உரிய ஒன்றுமில்லை, கொப்புளிக்க ஒன்றுமில்லை. வெளிரை அடர்த்தியாக்கலாம், கறுப்பை வெளுக்க முடியாது. வெயிலில் கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான் குறை.

நீடிப்பை எல்லோரும் விரும்புகிறார்களா என்றால் அதுவும் இல்லை. பனிக்காலத்துக்கு வெள்ளை, இலை துளிர்த்ததும் பச்சை, அறுவடைக்குப் பின் வைக்கோல் நிறம் என்று பருவத்துக்குப் பருவம் மாற்றுகிறவருக்கு நிலைத்த பூச்சு இடைஞ்சல். பழையதன்மேல் புதியதாக அடித்துக்கொண்டே போனால் கனம் ஏறி, முன்பு சொன்ன ஆற்றல் கணக்கு வந்து நிற்கும். அதனால் அவர்கள் பழைய பூச்சை முழுக்க எடுக்கிறார்கள். கட்டை நைலான்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் இது சுலபம். கரைப்பானுக்கு இளக மறுத்துப் பெயின்ட்காரரைப் படுத்திய அதே பிடிவாதத்தால், அசிட்டோன் நனைத்த துணி பெயின்டை மட்டும் வழித்துக்கொண்டு வரும். அடியில் நைலான் அப்படியே இருக்கும். ஏபிஎஸ் என்றால் கட்டையும் சேர்ந்து துணியில் வந்துவிடும்.